ஸ்பீடோமீட்டர் சொல்லாத பாதி... வேகம் வேற, திசைவேகம் வேற!

போன்ல மேப்பைத் திறந்துவெச்சுக்கிட்டு பைக்ல போயிருப்பீங்க. திரையின் ஓரத்தில் ஓர் எண் மாறிக்கிட்டே இருக்கும்... 38, 41, 45. நடுவில் ஒரு நீல அம்புக்குறி, நீங்க திரும்புற பக்கமெல்லாம் அதுவும் திரும்பும். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்த ஒரு கேள்விக்கான பதில், மொத்தமா அந்தத் திரையிலேயே இருக்கு. அந்த எண்ணை மட்டும் படித்தால் வேகம். எண்ணையும் அம்பையும் சேர்த்துப் படித்தால் திசைவேகம்.

'மணிக்கு 45 கி.மீ' என்பது வேகம். 'மணிக்கு 45 கி.மீ, வடக்கு நோக்கி' என்பது திசைவேகம். வரையறை அவ்ளோதான். ஆனால், 'வடக்கு நோக்கி' என்கிற அந்த இரண்டு வார்த்தைகள் உள்ளே வந்ததும் கூட்டல் கழித்தல் கணக்கே மாறிவிடுகிறது. மலைப்பாதை வளைவில் பைக் ஏன் சறுக்குது, ஓவர்டேக் கணக்கு ஏன் தப்பிப்போகுது, காற்று பெரிதாக வீசாத புயல்கூட ஏன் ஊரையே மூழ்கடிக்குது... எல்லாத்துக்கும் காரணம் அந்த அம்புக்குறி பக்கம்தான் இருக்கு.

(ஒரு சின்ன விஷயம். சிக்னலில் நிற்கும்போது சில நேரம் அந்த அம்பு பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க. உங்கள் இடம் எப்படி நகருது என்பதை வைத்துதான் ஜி.பி.எஸ் திசையைக் கண்டுபிடிக்குது. நீங்க நின்னுட்டா நகர்வே இல்லை. நகர்வே இல்லாதபோது அது எந்தத் திசையைச் சொல்லும், பாவம்!)

மதுரையில் ஒண்ணு, யாழ்ப்பாணத்தில் ஒண்ணு

பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான்: வேகம். குழப்பத்தின் ஆரம்பம் அதுதான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஸ்பீடுக்கு 'வேகம்', வெலாசிட்டிக்கு 'திசைவேகம்' என்று பிரித்துவைத்திருக்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களைப் புரட்டினால் இன்னும் சுவாரஸ்யம். அங்கே ஸ்பீடு என்றால் 'கதி'; வெலாசிட்டிதான் 'வேகம்'. ஆக, மதுரைப் பையனும் யாழ்ப்பாணப் பொண்ணும் தேர்வுத்தாளில் 'வேகம்' என்று ஒரே வார்த்தையை எழுதினாலும் இரண்டு பேரும் சொல்வது வேற வேற. என்னைக் கேட்டால் நம்ம ஊர்ச் சொல்தான் கொஞ்சம் மேல். 'திசைவேகம்' என்று சொல்லும்போதே திசையை மறக்க முடியாது.

திசையோடு சேர்த்துப் பேசுவது தமிழுக்குப் புதுசும் இல்லை. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. காற்று எவ்வளவு வேகமாக வீசுது என்பதைவிட எந்தப் பக்கமிருந்து வருது என்பதை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள். கடலுக்குப் போறவருக்கும் விதைக்கிறவருக்கும் எண்ணைவிட அம்புதான் முக்கியம் என்பது எப்பவோ தெரிந்திருக்கு.

உலக சாதனை... சராசரி திசைவேகம் பூஜ்யமா?

இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பிடித்தமான கேள்வி ஒன்று உண்டு. 400 மீட்டர் ஓட்டக்காரர் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டார். அவருடைய சராசரி திசைவேகம் என்ன? விடை: பூஜ்யம். ஓடிய தொலைவு 400 மீட்டர். ஆனால் தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் நேர்க்கோட்டில் இருக்கும் தூரம், அதாவது இடப்பெயர்ச்சி, பூஜ்யம். சராசரி வேகத்துக்குத் தொலைவை நேரத்தால் வகுக்கணும். சராசரி திசைவேகத்துக்கு இடப்பெயர்ச்சியை வகுக்கணும்.

2016 ரியோ ஒலிம்பிக்ஸில் தென்னாப்பிரிக்காவின் வேட் வான் நீகெர்க் 43.03 விநாடிகளில் 400 மீட்டரை ஓடி உலக சாதனை படைத்தார். சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 9.3 மீட்டர், அதாவது மணிக்கு 33 கி.மீ-க்கும் மேல். சராசரி திசைவேகம்? 'பூஜ்யம்' என்று கை தூக்கினால் நீங்க மாட்டிக்கிட்டீங்க! அவர் ஓடியது எட்டாவது தடத்தில். வெளித்தடத்தின் சுற்றளவு அதிகம் என்பதால், அதில் ஓடுகிறவரை முன்னே தள்ளி நிறுத்துவார்கள். முடிவுக்கோட்டிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 50 மீட்டர் தள்ளித்தான் அவர் ஓட்டத்தைத் தொடங்கினார். ஆகவே அவருடைய சராசரி திசைவேகம் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். பாடநூலின் பூஜ்யம் முதல் தடத்தில் ஓடுகிறவருக்குத்தான் பொருந்தும்.

மீட்டர் அசையலை... ஆனா டயர் அலறுது!

இதெல்லாம் கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால், நிஜமாகவே கவனிக்கவேண்டிய விஷயம் திசைவேகம் மாறும்போதுதான் ஆரம்பிக்குது.

கிரிக்கெட்டில் ஒரு ஸ்ட்ரெய்ட் டிரைவ் அடிக்கிறாங்கன்னு வெச்சுக்குவோம். பந்து மணிக்கு 140 கி.மீ வேகத்தில் வந்தது. பவுலரைத் தாண்டி 100 கி.மீ வேகத்தில் திரும்பிப் போனது. மாற்றம் எவ்வளவு? வேகக் கணக்கில் 40. ஆனால் திசைவேகக் கணக்கில் 240! வந்த 140-ஐ முழுசா நிறுத்தி, எதிர்ப்பக்கம் 100 கொடுக்கணும் இல்லையா? பேட்டும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிபோலத்தான். அதற்குள் இந்த 240-ஐயும் முடிக்க, சராசரியாக ஒரு டன் எடைக்குச் சமமான விசை வேண்டியிருக்கு. பேட் உடைவதில் ஆச்சர்யமே இல்லை.

இப்போ கொல்லிமலைக்கு வாங்க. மேலே போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவுக்குள் 20 கி.மீ வேகத்தில் நுழைந்து, அதே 20-ல் வெளியே வர்றீங்க. ஸ்பீடோமீட்டர் முள் அசையவே இல்லை. ஆனால், போன திசைக்குக் கிட்டத்தட்ட நேரெதிர் திசையில் இப்போ போய்க்கிட்டிருக்கீங்க. உங்க திசைவேகம் 40 மாறிவிட்டது. அந்த மாற்றத்தை எது கொடுத்தது? என்ஜின் இல்லை, ஹேண்டில்பாரும் இல்லை. இரண்டு டயரும் தரையைத் தொடும் இடம், கிட்டத்தட்ட உங்க இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர். அதுதான் உங்களையும் வண்டியையும் பக்கவாட்டில் தள்ளித் திருப்பியது.

எவ்வளவு தள்ளியிருக்கும்னு கணக்கு போடலாம். வளைவின் ஆரம் 15 மீட்டர். வண்டி, நீங்க, பின்னால உட்கார்ந்திருக்கிற நண்பர், அவர் முதுகில் மாட்டியிருக்கிற பை... எல்லாம் சேர்த்து 250 கிலோ. 20 கி.மீ வேகத்தில் திரும்ப, சுமார் 52 கிலோ எடைக்குச் சமமான பக்கவாட்டு விசை போதும். அதே வளைவில் 40-ல் திரும்பினால்? இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 210 கிலோ! திரும்பும் கணக்கில் வேகம் வர்க்கமாக உள்ளே நுழையுது. வேகம் இரட்டித்தால் தேவை நான்கு மடங்காகும்.

டயரால் அவ்வளவு கொடுக்க முடியுமா? நன்கு காய்ந்த தார் ரோட்டில், சுமக்கிற எடையில் 70-80 சதவிகிதம்வரை பிடிமானம் கிடைக்கும். 250 கிலோவுக்கு 175-லிருந்து 200 கிலோ. நமக்குத் தேவையோ 210. அதாவது ரோடு நல்லா இருந்தால்கூட கை நழுவுற கணக்குதான் இது. மழை பெய்திருந்தால் பிடிமானம் இன்னும் வெகுவாகக் குறையும். வளைவின் ஓரத்தில் கொஞ்சம் மணலோ, லாரி சிந்திய டீசலோ இருந்தால் 20-கூட அதிகமாகிவிடலாம்.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் நமக்கு இரண்டு தனித்தனி வேலைகள். டயருக்கு இரண்டும் ஒண்ணுதான். பிரேக் என்பது எண்ணை மாற்றுவது, திரும்புவது என்பது அம்பை மாற்றுவது. எதை மாற்றினாலும் அது திசைவேக மாற்றம்; இரண்டுக்கும் செலவு ஒரே பர்ஸிலிருந்துதான் போகும். வளைவின் நடுவில் பிடிமானத்தில் பெரும்பகுதியைத் திரும்புவதற்கே செலவழித்துக்கொண்டிருக்கும்போது, பயந்துபோய் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பர்ஸ் காலி. வண்டி கீழே போகும். 'வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைச்சிடு, உள்ளே போய் பிரேக் புடிக்காதே' என்று அனுபவசாலி ரைடர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். முதலில் நேர் ரோட்டில் எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முழுப் பர்ஸையும் அம்பைத் திருப்ப வைத்துக்கொள்ளலாம். ஏ.பி.எஸ் இருக்கே என்பீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும், நல்ல விஷயம்தான். ஆனால், பர்ஸில் இல்லாத காசை அது கொண்டுவந்து போடாது.

80-ல் 80 போனா 0, 80-ல் 80 வந்தா 160

இருவழிச் சாலை. உங்களுக்கு முன்னால் ஒரு லாரி 60-ல் போகுது. நீங்க 80. ஓவர்டேக் பண்ண ஆசை. எதிரே தூரத்தில் ஒரு பஸ், அதுவும் 80. 'பஸ் எங்கேயோ இருக்கு பாஸ், போயிடலாம்' என்று மனசு சொல்லும்.

உங்களுக்கும் லாரிக்கும் ஒரே திசை, அதனால் 80-ல் 60 கழிந்துபோகும். லாரியைப் பொறுத்தவரை நீங்க வெறும் 20-ல் ஊர்ந்துக்கிட்டிருக்கீங்க, கொஞ்சம் வேகமான சைக்கிள் மாதிரி. லாரியின் நீளம், பின்னால் விட்ட இடைவெளி, முன்னால் போய்ச் சேர வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 30 மீட்டர் தாண்டணும் என்றால், 5.4 விநாடி ஆகும். பஸ்ஸும் நீங்களும் எதிரெதிர் திசை, அதனால் 80-ம் 80-ம் கூடி 160. அந்த 5.4 விநாடியில் நீங்க 120 மீட்டர் முன்னேறியிருப்பீங்க, பஸ்ஸும் 120 மீட்டர் வந்திருக்கும். தப்பித்துக்கொள்ளவே குறைந்தபட்சம் 240 மீட்டர் காலியான ரோடு வேணும். இரண்டு கால்பந்து மைதானத்தைவிட நீளம்! அந்தத் தொலைவில் இருக்கும் பஸ் கண்ணுக்கு அசையாமல் நிற்பதுபோலத்தான் தெரியும்.

மோதினால் என்ன ஆகும் என்பதையும் திசைவேகம்தான் முடிவு செய்யுது. 80-ல் வரும் ஒரே மாதிரியான இரண்டு கார்கள் நேருக்கு நேர் மோதினால், '160-ல் சுவரில் மோதியதற்குச் சமம்' என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. இரண்டும் நடுவில் நின்றுபோகும். ஒவ்வொன்றின் திசைவேக மாற்றமும் 80-தான். ஆடாத அசையாத சுவரில் 80-ல் மோதியதற்குச் சமம். ஆனால் ஆளோடு சேர்த்து 220 கிலோ இருக்கும் பைக், 15 டன் பஸ்ஸோடு மோதினால் கதையே வேற. பஸ்ஸின் திசைவேகம் இரண்டு, இரண்டரை கி.மீ குறைந்தால் அதிகம். பைக்கோ, போய்க்கொண்டிருந்த 80-ஐ இழந்து, பஸ்ஸோடு சேர்ந்து எதிர்த்திசையில் தள்ளப்படும். கிட்டத்தட்ட 160 மாற்றம், ஒரு நொடியைவிடக் குறைந்த நேரத்தில். இரண்டு மீட்டரும் 80-தான் காட்டின. உடம்பு வாங்குவது மீட்டரில் இருந்த எண்ணை இல்லை, திசைவேகம் எவ்வளவு மாறியது என்பதை.

புயல் செய்தியில் இரண்டு வேகம்

நவம்பர், டிசம்பர் வந்தால் நம்ம போன் முழுக்க வானிலைச் செய்திதான். 'மணிக்கு 80 கி.மீ வேகத்தில் காற்று வீசும்' என்று ஒரு வரி. 'புயல் மணிக்கு 10 கி.மீ வேகத்தில் நகர்கிறது' என்று அடுத்த வரி. எது நிஜம்? இரண்டும்தான். முதலாவது, மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்றின் வேகம். இரண்டாவது, அந்த மொத்தப் பம்பரமும் இடம் நகரும் வேகம்.

2016 டிசம்பரில் வந்த வர்தா, மணிக்கு 100 கி.மீ-க்கும் மேல் வீசி சென்னையின் மரங்களைச் சாய்த்துவிட்டுக் கடந்துபோனது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், காற்றின் பலத்தில் வர்தாவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கரைக்கு வந்ததும் பல மணி நேரம் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுவிட்டது. சுழலும் வேகம் இருந்தது, நகரும் திசைவேகம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். விளைவு, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்த தடவை புயல் செய்தி வந்தால் காற்று வேகத்தோடு நிறுத்திக்காதீங்க. எந்தப் பக்கம், எவ்வளவு மெதுவாக நகருது என்ற வரியையும் தேடிப் படியுங்க. வெள்ளத்துக்கான எச்சரிக்கை பெரும்பாலும் அந்த வரியில்தான் ஒளிஞ்சிருக்கும்.

புயல் எங்கே கரையைக் கடக்குது என்று கேட்பதைப்போல, 'நம்ம ஊர் அதுக்கு வடக்கேயா, தெற்கேயா' என்றும் கேட்கணும். நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. அதனால், மேற்கு நோக்கி வரும் புயலின் வடக்குப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். தெற்குப் பக்கத்தில் கரையிலிருந்து கடலுக்கு. சுழலும் காற்று 90, நகர்வு 15 என்றால், எளிய கணக்கில் வடக்கே 105, தெற்கே 75. கூடவே, கடல்நீரைக் கரைமேல் ஏற்றித் தள்ளுவதும் வடக்குப் பக்கக் காற்றுதான். ஒரே புயல், ஒரே நேரம், இரண்டு ஊருக்கு இரண்டு அனுபவம்.

குலசேகரன்பட்டினத்துக்கு ஏன் போகணும்?

திசையைத் திருப்புவது எவ்வளவு காஸ்ட்லி என்பதற்கு நம்ம ஊரிலேயே ஒரு பெரிய சாட்சி உருவாகுது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இன்னொன்று எதுக்கு?

கிழக்கு நோக்கி ஏவ ஸ்ரீஹரிகோட்டா அருமையான இடம். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், ஏவுதளத்தில் சும்மா நிற்கும் ராக்கெட்டுக்கே விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் கிழக்குத் திசைவேகம் இலவசமாகக் கிடைத்துவிடுது. ஆனால், பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பலவற்றை வடக்கு-தெற்காகச் சுற்றவிட வேண்டும். அதற்குத் தெற்கே ஏவணும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை. எரிந்து முடிந்த பாகங்கள் மக்கள் தலையில் விழக் கூடாது என்பதால், ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், பறந்துகொண்டிருக்கும்போதே தெற்கே திரும்பணும்.

வானத்தில் ரோடும் இல்லை, டயரும் இல்லை. திரும்பணும் என்றால் எரிபொருளை எரித்துப் பக்கவாட்டில் தள்ளணும். விநாடிக்கு 3 கி.மீ வேகத்தில் போகும் ஒரு ராக்கெட் 30 டிகிரி திரும்ப, விநாடிக்கு 1.5 கி.மீ அளவுக்குத் திசைவேகத்தை மாற்ற வேண்டியிருக்கும். 60 டிகிரி என்றால் முழுசா 3 கி.மீ, நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்துக்கு வருவதற்கு ஆகும் அதே அளவு மாற்றம்! இத்தனைக்கும் திரும்பி முடித்த பிறகு வேகம் அதே 3-தான். ஒரு மீட்டர்கூட ஏறியிருக்காது. பெரிய பி.எஸ்.எல்.வி இந்தச் செலவைத் தாங்கிக்கொள்ளும். சிறிய செயற்கைக்கோள்களுக்கான எஸ்.எஸ்.எல்.வி-க்கு அது கட்டுப்படியாகாது. வளைவுக்கு எரிக்கும் எரிபொருளின் அளவுக்குச் சுமக்கும் சரக்கைக் குறைத்துக்கொள்ளணும்.

குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் இலங்கை இடது பக்கம் ஒதுங்கிவிடுது. அதற்கப்புறம் அண்டார்டிகா வரை வெறும் கடல்தான். அங்கிருந்து கிளம்பும் ராக்கெட் வளையத் தேவையில்லை, நேராகப் போகலாம்.